சுற்றுச்சூழல் பொறியியல்: நான்காண்டுப் படிப்பைத் திட்டமிடுவது எப்படி?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகி, பொறியியல் கவுன்சிலிங் நெருங்கும் நாட்களில் நம் பெற்றோர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "எந்தப் பிரிவை எடுக்கலாம்?" என்பதுதான். பிரிவை எடுத்த பிறகு அந்த நான்கு ஆண்டுகளை எப்படி அமைத்துக்கொள்வது என்ற கேள்வியை மிகச் சிலரே கேட்கிறார்கள். கல்லூரி தரும் கால அட்டவணையே போதும் என்று எண்ணிவிடுகிறோம். சுற்றுச்சூழல் பொறியியல் போன்ற பல துறைகள் கலந்த படிப்பில் அந்த எண்ணம் பிள்ளைகளுக்குப் பெரும் இழப்பைத் தந்துவிடும். எனவே இந்தப் படிப்பைத் திட்டமிடுவது குறித்து இக்கட்டுரையில் விரிவாகப் பார்ப்போம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் வசிப்போருக்கு இது வீட்டு வாசல் வரை வந்து நிற்கும் துறை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகள் இயங்குகின்றன. தமிழகத்தின் பல மாவட்டத் தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைக்கும் பொது மையமும் அங்கேதான் உள்ளது. அத்திப்பட்டில் அனல்மின் நிலையமும் அதன் சாம்பலும் இருக்கின்றன. மீஞ்சூர் வட்டாரத்தில் 1960களின் பிற்பகுதி முதல் சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டதால், கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து கிணறுகளை உப்பாக்கியது. இதே மாவட்டத்தில்தான் 1944ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி ஏரியும், 2020ல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும், சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடும் இருக்கின்றன.

இந்த ஆலைகளில்தான் நம் சகோதரர்கள் வேலை பார்க்கிறார்கள். இந்தக் கிணறுகளில்தான் நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர் எடுக்கிறார்கள். தொழிலும் வேண்டும், கிணறும் வேண்டும். இரண்டையும் காக்கத் தெரிந்தவர்தான் சுற்றுச்சூழல் பொறியாளர். அப்படி ஒருவர் உருவாவதற்கு, அவர் எந்தப் பாடத்தை எப்போது, எதற்குப் பிறகு படித்தார் என்பது மிக முக்கியம்.

பட்டம் எங்கே, எந்தப் பெயரில்?

முதலில் ஒரு தெளிவு தேவை. தமிழகத்தில் இளநிலையில் "பி.இ. சுற்றுச்சூழல் பொறியியல்" என்ற பெயரிலேயே பட்டம் தரும் கல்லூரிகள் குறைவு. அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கான பாடத்திட்டம் உண்டு. ஆனால் அதன் இணைப்புக் கல்லூரிகளில் சிலவற்றில் மட்டுமே இப்பிரிவு நடத்தப்படுகிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எரிசக்தியும் சுற்றுச்சூழலும் சேர்ந்த பி.டெக். பட்டம் உள்ளது. வெளி மாநிலங்களில் தன்பாத் ஐ.ஐ.டி., டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பி.டெக். சுற்றுச்சூழல் பொறியியல் உண்டு. அவற்றுக்கு ஜே.இ.இ. தேர்வு வழியாகச் செல்ல வேண்டும்.

பெரும்பாலான மாணவர்கள் வேறொரு வழியில் இத்துறைக்கு வருகிறார்கள். இளநிலையில் சிவில் அல்லது கெமிக்கல் படித்துவிட்டு, முதுநிலையில் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் எடுப்பதே அந்த வழி. இரண்டில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் மாசுக் கட்டுப்பாடு வாரியம், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், சென்னைக் குடிநீர் வாரியம், நகராட்சி நிர்வாகம் ஆகியவை கடந்த காலத்தில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிவிப்புகளை எடுத்து வாசிக்க வேண்டும். அவற்றில் கல்வித் தகுதி என்ற பத்தியில் சிவில், கெமிக்கல் என்று பட்டத்தின் பெயரைச் சொல்லியே கேட்கும் வழக்கம் உண்டு. துறை பொருத்தமாக இருந்தாலும், பட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். நான்கு ஆண்டு உழைப்பு ஒரு வரியில் வீணாகாமல் இருக்க, இந்த வாசிப்பைச் சேருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும் கீழே சொல்லும் திட்டமிடல் பொருந்தும். சிவில் எடுத்தவர்கள் எலெக்டிவ் பாடங்கள் மூலமும் பிராஜெக்ட் மூலமும் இதே பாதையில் நடக்கலாம்.

கிரெடிட் கணக்கு

இன்றைய பொறியியல் படிப்பு கிரெடிட் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுவதும் நடந்தால் அது 1 கிரெடிட். லேப் என்றால் வாரத்திற்கு 2 மணி நேரத்துக்கு 1 கிரெடிட். அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2018ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் நான்கு ஆண்டுக்கு 160 கிரெடிட் என்று வைத்துள்ளது. தமிழகக் கல்லூரிகளும் இதற்கு அருகிலேயே வைத்திருக்கின்றன. எட்டு செமஸ்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 20 கிரெடிட் வரும்.

இது வெறும் எண் அல்ல, நேரக் கணக்கு. ஒரு செமஸ்டரில் 18 கிரெடிட் வகுப்பும் 4 கிரெடிட் லேப்பும் இருந்தால், வாரத்திற்கு 18 மணி நேரமும் 8 மணி நேரமும் சேர்ந்து 26 மணி நேரம் கல்லூரிக்குள்ளேயே போய்விடும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வரும் மாணவருக்குப் போக ஒரு மணி நேரத்திற்கு மேல், வர அதே அளவு. வாரத்தில் 12 மணி நேரத்திற்குக் குறையாமல் பயணத்தில் கழியும். வீட்டில் படிக்க எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதை இப்படிக் கணக்கிட்ட பிறகுதான் கூடுதல் பாடம் எடுப்பதா, பகுதி நேர வேலைக்குப் போவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன்படி எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. லேப் பாடங்களுக்கு இது தலைகீழாக 60க்கு 40. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். எட்டு செமஸ்டர் படிப்பை அதிகபட்சம் 14 செமஸ்டருக்குள் முடித்தாக வேண்டும். விதிமுறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கென்று தனி விதிமுறை வைத்திருக்கும். ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே, தமக்குப் பொருந்தும் விதிமுறைப் புத்தகத்தையும் எட்டு செமஸ்டர் பாடப் பட்டியலையும் பதிவிறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்வது மாணவரின் முதல் கடமை.

பாடங்கள் ஒரு சங்கிலி

அரபு மதரஸாக்களில் ஸர்ஃபும் நஹ்வும் ஓதாமல் யாரையும் தஃப்ஸீர் வகுப்பில் உட்கார வைப்பதில்லை. சொல்லின் வடிவமும் வாக்கியத்தின் அமைப்பும் தெரியாதவருக்கு விரிவுரை விளங்காது. பொறியியலிலும் இதே வரிசை உண்டு. ஒரு பாடத்திற்கு முன்பு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய பாடத்தை முன்பாடம் என்று சொல்லலாம். நம் கல்லூரிகளில் முன்பாடத்தில் அரியர் வைத்தாலும் அடுத்த பாடத்தில் உட்கார அனுமதி கிடைத்துவிடுவதால், பல மாணவர்கள் இந்தச் சங்கிலியைக் கவனிப்பதே இல்லை.

ஓர் எளிய கணக்கால் இதைப் புரிந்துகொள்வோம். ஒரு ஆலையிலிருந்து நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீர் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பி.ஓ.டி., அதாவது நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 300 மில்லிகிராம். அப்படியானால் நாளொன்றுக்கு மொத்தம் 30 கிலோ. ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விட வேண்டுமானால் மத்திய அரசின் பொதுத் தரநிலை லிட்டருக்கு 30 மில்லிகிராம். அதாவது 3 கிலோ. ஆக, தினமும் 27 கிலோ நீக்கப்பட வேண்டும்.

இந்த 27 கிலோவை நீக்க என்னென்ன பாடம் தேவை என்று பாருங்கள்.

300 என்ற எண்ணைக் கண்டுபிடிக்கச் சுற்றுச்சூழல் வேதியியலும் அதன் லேப்பும் வேண்டும். நம் நாட்டு முறைப்படி மாதிரியை 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்து அளக்க வேண்டும். கழிவு எவ்வளவு வேகத்தில் சிதையும் என்று அறிய முதலாண்டுக் கணிதத்தின் வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும். கழிவைத் தின்னும் பாக்டீரியாவைப் பற்றி அறிய நுண்ணுயிரியல் வேண்டும். தொட்டிக்குள் எவ்வளவு காற்று செலுத்துவது, எவ்வளவு பெரிய பம்ப் வைப்பது என்பதற்கு ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் எனப்படும் பாய்ம இயக்கவியல் வேண்டும். தினமும் ஒரே அளவு நீர் வராது என்பதால் புள்ளியியல் வேண்டும். தொட்டியின் அடியில் தங்கும் கசடை என்ன செய்வது என்பதற்குத் திடக்கழிவு மேலாண்மை வேண்டும். 30 என்ற வரம்பு எங்கிருந்து வந்தது, மீறினால் என்ன நடக்கும் என்பதற்குச் சட்டம் வேண்டும்.

ஆறாவது செமஸ்டரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வடிவமைப்புப் பாடத்திற்கு வரும் மாணவர் இவற்றில் ஒன்றில் பலவீனமாக இருந்தாலும், சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறலாம். ஆனால் ஆலையில் நின்று, "இந்தத் தொட்டி ஏன் நாறுகிறது?" என்று ஒருவர் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது.

ஆண்டுவாரியாக ஒரு திட்டம்

பாட வரிசை கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறலாம். இருந்தாலும் பொதுவான நோக்கம் கீழ்க்கண்டவாறு இருக்கட்டும்.

முதலாம் ஆண்டு, அடித்தளம்: கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் நிரலாக்கம், பொறியியல் வரைபடம், ஆங்கிலம் ஆகியவை எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாக வரும். 2022 முதல் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்ற பாடங்களும் சேர்ந்துள்ளன. இந்த ஆண்டின் ஒரே இலக்கு, கணிதத்தில் அரியர் இல்லாமல் இருப்பது. வேதியியலைப் பொதுப்பாடம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நீரின் கடினத்தன்மை, காரத்தன்மை, பி.எச். ஆகியவை இங்கேதான் அறிமுகமாகின்றன. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஒவ்வொரு பாடத்திலும் புதிய கலைச்சொற்களை ஒரு நோட்டில் தமிழ் விளக்கத்துடன் எழுதி வருவது நான்கு ஆண்டும் கைகொடுக்கும்.

இரண்டாம் ஆண்டு, கருவிகள்: பாய்ம இயக்கவியல், நிலஅளவை, சுற்றுச்சூழல் வேதியியல், நுண்ணுயிரியல், நீரியல், புள்ளியியல் ஆகியவை ஏறத்தாழ இங்கே வரும். மிகக் கடினமான ஆண்டு இதுதான். கூடுதல் சான்றிதழ் வகுப்புகள், ஆன்லைன் படிப்புகள் எதையும் மூன்றாவது செமஸ்டரில் சேர்க்காமல் இருப்பது நல்லது. லேப் வகுப்பில் நண்பர் அளந்ததைப் பார்த்து எழுதாமல், பி.ஓ.டி., சி.ஓ.டி., குளோரைடு ஆகிய மூன்றையும் தம் கையாலேயே ஒருமுறையாவது அளந்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் இவைதான்.

மூன்றாம் ஆண்டு, வடிவமைப்பு: குடிநீர்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, காற்று மாசுக் கட்டுப்பாடு, திடக்கழிவு, அபாயகரக் கழிவு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று துறையின் உள்ளே நுழையும் காலம். எலெக்டிவ் தேர்வு தொடங்குவதும் இங்கேதான். செமஸ்டர் விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போக வேண்டிய ஆண்டும் இதுவே. தொட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் இறக்கும் செய்திகளை அடிக்கடி வாசிக்கிறோம். ஆகவே தொழில் பாதுகாப்புப் பாடம் எலெக்டிவ் பட்டியலில் இருந்தால் அதை விட்டுவிடக் கூடாது.

நான்காம் ஆண்டு, பொருத்திப் பார்த்தல்: மீதமுள்ள எலெக்டிவ், நிர்வாகவியல், இறுதி பிராஜெக்ட் ஆகியவை இருக்கும். வளாக நேர்காணல், போட்டித் தேர்வு ஆகியவையும் இப்போதே வரும். ஏழாவது செமஸ்டருக்கு முன் எல்லா அரியரையும் முடித்தவர்களால்தான் இந்த ஆண்டைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

எலெக்டிவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எலெக்டிவ் எடுக்கும்போது மாணவர்களிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. எந்த ஆசிரியர் தாராளமாக மதிப்பெண் போடுவார் என்று பார்ப்பது ஒன்று. நண்பர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டாலும் கிடைப்பது ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு பாடங்கள்தான்.

நாம் சொல்லும் முறை வேறு. இறுதி ஆண்டில் எந்தப் பிரச்சினையை ஆராயப் போகிறோம் என்பதை இரண்டாம் ஆண்டு முடிவிலேயே உத்தேசமாகத் தீர்மானித்துவிட வேண்டும். அந்தப் பிரச்சினைக்கு எந்தப் பாடங்கள் தேவையோ அவற்றைப் பின்னிருந்து முன்னாக அடுக்கி வர வேண்டும். அண்ணா பல்கலைக்கழக 2021 விதிமுறையில் எலெக்டிவ் பாடங்கள் துறைவாரித் தொகுப்புகளாகவே பிரித்துத் தரப்பட்டுள்ளன. தகுதியுள்ளவர்கள் 18 கிரெடிட் கூடுதலாகப் படித்து ஹானர்ஸ் அல்லது மைனர் பெறவும் வழியுண்டு.

பிரச்சினையைத் தேடி தூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டமே ஒரு திறந்த ஆய்வகம்.

மீஞ்சூர், பொன்னேரி பகுதிக் கிணறுகளில் உப்பு எவ்வளவு, மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்று ஆராய விரும்புபவர் நிலத்தடி நீரியல், தொலையுணர்வு மற்றும் புவித் தகவல் அமைப்பு, புள்ளியியல் ஆகியவற்றை எடுக்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. தம் தெருவின் நீர் இந்த இரண்டு எண்களுக்கு எங்கே நிற்கிறது என்று அறிந்து சொல்வதே ஊருக்குப் பெரிய சேவை.

கும்மிடிப்பூண்டியின் காற்றைப் பற்றி அறிய விரும்புபவர் காற்று மாசு மாதிரியாக்கம், தூசி பிடிக்கும் கருவிகளின் வடிவமைப்பு, வானிலையியல் ஆகியவற்றை எடுக்கலாம். 2009ல் அறிவிக்கப்பட்ட தேசியத் தரநிலைப்படி பி.எம். 2.5 என்னும் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

நீர் மறுபயன்பாட்டில் ஆர்வம் உள்ளவருக்கு இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் அருகிலேயே உள்ளன. காட்டுப்பள்ளியில் 2010ல் திறக்கப்பட்ட ஆலை கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்டது. கொடுங்கையூரில் 2019ல் தொடங்கிய ஆலை, நகரத்தின் கழிவுநீரையே சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டது. இரண்டிலும் சவ்வு வழி வடிகட்டலே அடிப்படை. இவ்வழியில் செல்வோர் சவ்வுத் தொழில்நுட்பம், தொழிற்சாலைக் கழிவுநீர் ஆகிய பாடங்களை எடுக்க வேண்டும்.

செலவே இல்லாத பிராஜெக்ட் ஒன்று நம் பள்ளிவாசல்களிலும் உள்ளது. ஒரு வேளைத் தொழுகைக்கு 200 பேர் ஒளூ செய்கிறார்கள், ஒருவருக்கு 5 லிட்டர் என்று வைத்தால், ஒரு வேளைக்கு 1,000 லிட்டர். ஐந்து வேளைக்கு 5,000 லிட்டர். சோப்பும் எண்ணெயும் அதிகம் கலக்காத இந்த நீர் பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகிறது. உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று மீட்டர் வைத்து அளந்து, மணல் வடிகட்டி அமைத்து, கழிவறைத் தொட்டிக்கோ தோட்டத்திற்கோ திருப்பிவிடும் வடிவமைப்பைச் செய்து தரும் மாணவருக்கு எந்த ஜமாஅத் நிர்வாகமும் அனுமதி மறுக்காது.

சட்டப் பாடத்தை ஒதுக்காதீர்கள்

பொறியியல் மாணவர்கள் சட்டப் பாடத்தைக் கடைசி வாரத்தில் புரட்டும் பாடமாக நினைக்கிறார்கள். ஆனால் இத்துறையின் வேலைவாய்ப்பே சட்டத்திலிருந்துதான் பிறக்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், போபால் விஷவாயுத் துயரத்திற்குப் பின் வந்த 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006ஆம் ஆண்டின் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் ஆகியவற்றின் அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆலை தொடங்கவும் இயங்கவும் மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அந்த விண்ணப்பத்தைத் தயாரிப்பவரும் பொறியாளர்தான், சரிபார்ப்பவரும் பொறியாளர்தான். வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தனித்தனியே இயங்குகிறது.

நம் சமுதாயத்திற்கு நேரடியாகத் தொடர்புள்ள வழக்கு ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் நம்மவர் பலரின் வாழ்வாதாரம். அந்தத் தொழிலின் கழிவுநீர் பாலாற்றங்கரைக் கிணறுகளையும் விளைநிலங்களையும் பாழாக்கியதும் உண்மை. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும், ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத ஆலைகள் மூடப்படும் நிலை வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஒழுங்காக நடத்தத் தெரிந்த பொறியாளர்கள் அந்தந்த ஊரிலேயே தேவைப்பட்டார்கள். தொழில் செய்யும் சமுதாயம் அத்தொழிலின் கழிவைக் கையாளும் கல்வியையும் தன் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்பதே இதன் பாடம்.

அண்மைக் காலத்தையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. அதே மாத இறுதியில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினார்கள். அந்நேரத்தில் காற்று எத்திசையில் வீசுகிறது, எந்தத் தெருவை முதலில் காலி செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் அவரது படிப்பின் மதிப்பு எல்லோருக்கும் விளங்கும்.

அரியர், டிப்ளமோ மாணவர்கள்

ஓர் அரியர் என்பது ஒரு பாடத்தின் தோல்வி மட்டுமல்ல. அது அடுத்த செமஸ்டரின் நேரத்திலிருந்து எடுத்துச் செல்லும் கடன். கணிதத்தில் விழுந்த அரியரைப் பாய்ம இயக்கவியல் நடக்கும் செமஸ்டரில் சேர்த்து எழுதினால் இரண்டும் போகும் ஆபத்து உண்டு. எனவே ஒரு செமஸ்டரில் பழைய பாடங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால், முன்பாடம் எதுவோ அதற்கே முதல் இடம் கொடுத்துத் தேர்ச்சி பெற வேண்டும். தனித்து நிற்கும் பாடத்தை அதற்கடுத்து முடிக்கலாம். விடுமுறையில் சீனியர் ஒருவரிடம் வாரத்திற்கு இரண்டு நாள் கணிதம் கற்பது, கடைசி நேர கைடு புத்தகத்தைவிடப் பன்மடங்கு நல்லது.

பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் ஏராளம். வரைபடம், நிலஅளவை, லேப் வேலை ஆகியவற்றில் அவர்கள் மற்றவர்களைவிட முன்னே நிற்பார்கள். தடுமாறுவது மூன்றாவது செமஸ்டர் கணிதத்தில்தான். முதலாண்டுக் கணிதம் படிக்காமலே அதன் தொடர்ச்சியைப் படிக்க வேண்டியிருப்பதே காரணம். டிப்ளமோ முடிவுக்கும் கல்லூரி திறப்புக்கும் இடையிலுள்ள வாரங்களில் வகையீடும் தொகையீடும் படித்துவிட்டால் இந்தத் தடை நீங்கும்.

படிப்புக்குப் பிறகு

மேற்படிப்பை விரும்புவோருக்கு கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் தனித் தாளாகவே சேர்க்கப்பட்டுள்ளது. மூன்றாம் ஆண்டிலிருந்தே இத்தேர்வை எழுதலாம். கேட் தகுதியுடன் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் முழுநேர எம்.இ., எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இத்தேர்வின் பாடத்திட்டத்தைப் புரட்டினால், முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களும் அதில் இடம்பெற்றிருப்பது தெரியும். முன்பாடங்களைச் சரியாகப் படித்தவருக்குத் தனிப் பயிற்சியின் தேவை குறையும்.

தனியார் துறையில் சுத்திகரிப்பு நிலையங்களை இயக்குதல், ஆலைகளின் சுற்றுச்சூழல் மற்றும் பாதுகாப்புப் பிரிவு, ஆய்வகப் பரிசோதனை, தாக்க மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை உண்டு. வளைகுடா நாடுகளில் கடல்நீர் சுத்திகரிப்பும் கழிவுநீர் மறுபயன்பாடும் அன்றாடத் தேவை. அங்கே செல்ல நினைப்பவர்கள் சவ்வுத் தொழில்நுட்பத்தையும் பாதுகாப்புப் பாடத்தையும் எலெக்டிவாக எடுத்திருப்பது பயன் தரும்.

பெற்றோரும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியது

பெற்றோர்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் பிள்ளையிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த செமஸ்டரில் எத்தனை கிரெடிட்? இவற்றில் எந்தப் பாடம் அடுத்த ஆண்டுக்கு முன்பாடம்? பழைய பாடம் ஏதும் மீதம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பொறியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத தாயும் இவற்றைக் கேட்கலாம். பதில் சொல்வதற்காகவாவது பிள்ளை தன் பாடப் பட்டியலைத் திருப்பிப் பார்க்கும்.

கல்வி உதவி வழங்கும் ஜமாஅத்துகளும் அமைப்புகளும் முதலாண்டுக் கட்டணத்தோடு நின்றுவிடாமல், மூன்றாவது செமஸ்டரில் கணிதம் கற்றுத்தரும் ஒருவருக்கும், மூன்றாம் ஆண்டு இன்டர்ன்ஷிப் பயணச் செலவுக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் நலம். இடையில் படிப்பு தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

நம் ஊர்க் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் எடுத்துச் சென்று, அளந்து பார்த்து, "இது குடிக்கலாம், இது கூடாது, இதற்கு இன்னது செய்ய வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திடும் தகுதி நம் வீட்டுப் பிள்ளைக்கே வர வேண்டும். அதற்கான வேலை முதல் செமஸ்டர் கணித வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இந்த ஆண்டு சேரும் மாணவச் செல்வங்கள் பாடப் பட்டியலை முன்னால் விரித்து வைத்து, ஒரு தாளில் தங்கள் எட்டு செமஸ்டர்களையும் இன்றே எழுதத் தொடங்கட்டும்.